மாமா ஏத்திவிட்ட எடை

எனக்கு ஒரு கிட்னி கெடையாது. சின்னப் பிள்ளையில வயித்துக்குள்ள புத்துநோய்க் கட்டி வந்துச்சாம். சிங்கப்பூருக்குக் கொண்டுபோயி, கட்டியோட கிட்னியையும் சேத்தே எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்குற ஒண்ண வச்சுக்கிட்டுத்தான் பிள்ள பெத்தேன், சம்பந்திங்களோட சண்டை போட்டேன். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு, பாவம்.

வருசா வருசம் மலாக்கா பெரியாஸ்பத்திரியில ஒரு சிலோன்கார டாக்டர்கிட்ட என்னைக் காட்டணும். மெர்டேக்காவுக்கு, அதான் மலாயா சுதந்திரத்துக்கு, முந்துன வருசம் போனப்ப அவரு, "பிள்ளைக்கு எடை கூடவேயில்லை. அடுத்தமுறையும் இப்பிடித்தான் எண்டால் வார்டில வச்சுத்தான் பாக்கோணும்"னு சொல்லிட்டாரு. வார்டுல ராத்திரி அம்மாவ விடமாட்டாங்க. எனக்கு அந்த ஒரு பயந்தான்.

அம்மா முட்டை, நண்டு, நெய்யின்னு திணிச்சாங்க. தின்னதெல்லாம் எங்க போச்சோ, நான் ஈர்க்குச்சியாத்தான் இருந்தேன். காஜா பெராங் தெருவுல எங்க பக்கத்து வீட்டு, தமிழ் மறந்துபோன மலாக்காச் செட்டியம்மா என்னைப் பாக்குறப்பல்லாம் மலாய்ல, ஐயோ எவ்ளோ ஒல்லின்னு உச்சுக் கொட்டும்.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, மளிகைக் கடையில நிறுத்துப் போடுற வேலை. மறுவருசம் ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குக் காலையில என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாரு. கடையிலேருந்து கொண்டாந்த இரும்பு எடைக்கல்ல துணியில சுத்தி, உள்பாவாடை நாடாவுல பின்பக்கமாக் கட்டிவிட்டாரு.

"டாக்டருக்கு எடைதானே வேணும்? குடுத்துருவோம். நீ மட்டும் கல்யாணப் பொண்ணு மாதிரி மெதுவா நட."

"கனக்குது மாமா."

"வார்டு இதவிடக் கனக்கும். வாய மூடு."

அம்மா, மாமாவோட நான் குனிஞ்ச தலை நிமிராம நடந்தேன். அம்மாவுக்கு ஒரே சந்தோசம், பிள்ளைக்கு அடக்கம் வந்துருச்சுன்னு.

மிஸ்ஸி, அதான் நர்ஸம்மா, என்னைத் தராசுல ஏத்துனாங்க. முள்ளு குதிச்சுது. டாக்டரு எட்டிப் பாத்தாரு, மறுபடியும் ஏறச் சொன்னாரு. நான் மெதப்பா நின்னேன். அவரு மூஞ்சியில சிரிப்பே இல்ல.

"காய்ச்சல் ஏதும் வந்ததோ? வயிறு ஊதினதோ?"ன்னு அம்மாகிட்ட கேட்டாரு. கை கால் குச்சி மாதிரி இருக்க, எடை மட்டும் இப்பிடி ஏறுனா உள்ள என்னமோ வளருதுன்னு அர்த்தமாம். அம்மா செவுத்தப் புடிச்சுக்கிட்டாங்க.

"கட்டில்ல படு பிள்ளை, பாப்பம்."

நான் ஏறுனேன். நாடா அந்துச்சு. டங்குன்னு விழுந்து, டாக்டர் பூட்ஸ்கிட்ட உருண்டு போயி நின்னுச்சு மாமாவோட எடைக்கல்லு.

அம்மா வெளிய எட்டிப் பாத்து, "அடப்பாவி!"ன்னு கத்துனாங்க. வெளிய நின்ன மாமா அப்பவே ஆஸ்பத்திரி கேட்டத் தாண்டிட்டாரு.

டாக்டரு நாக்காலியில தொப்புன்னு உக்காந்து சிரிச்சாரு. கண்ணாடியக் கழட்டி ரொம்ப நேரம் தொடச்சாரு. அப்புறம் வயித்த அழுத்தி அழுத்திப் பாத்துட்டு, "ஒண்டும் இல்லை அம்மா, சுத்தமா இருக்கு. எடை மெல்லக் கூடட்டும், வார்டு வேண்டாம்"ன்னாரு. அம்மா அங்கயே ஓன்னு அழுதாங்க.

அதோட விடுவாருன்னு பாத்தா, உக்கார வச்சுக் கேள்வியாக் கேக்குறாரு. ஓடுனா மூச்சு வாங்குதா, முதுகு வலிக்குதா, நல்லாத் தூங்குறியா, தழும்பப் பாத்து மத்த பிள்ளைங்க கேலி பண்ணுதுங்களா, யாரோட வெளையாடுறேன்னு. எனக்குச் சலிச்சுப் போச்சு.

"ஏன் டாக்டர், ஒங்களுக்கு வேற ஆளே இல்லியா?"

அம்மா தொடையக் கிள்ளுனாங்க. அவரு கோவிச்சுக்கல.

"இல்லைப் பிள்ளை. இந்த நோய் வந்த பிள்ளையளில, வருசா வருசம் என்னட்ட வாறது இப்ப நீ ஒராள்தான்."

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் மெர்டேக்காவுக்குக் கொடி கட்டிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அது எதுலயும் மனசு போகல. மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் நல்லாயிருச்சு போல, அதான் டாக்டருகிட்ட வர்றதில்லன்னு நெனச்சேன். என்னை மட்டும் ஏன் இன்னும் விடமாட்டேங்குறாருன்னு, அந்தப் பிள்ளைங்க மேல எனக்கு அப்பிடி ஒரு பொறாமை.