குறைந்த ஏழு கிலோமீற்றர்

நேர்த்திக்கடன் வைத்தது இசபெல். சைக்கிள் மிதிக்க வேண்டியது செபமாலைமுத்து. கல்யாணம் என்றால் இப்படித்தான் போல என்பது, கட்டி முப்பத்தொரு வருடம் கழித்து, ஐம்பத்தெட்டாவது வயதில் அவருக்கு விளங்கியது.

மகள் ஜெனோஜாவுக்குக் குழந்தை ஏழாம் மாதமே பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பேத்தி ஒரு கிலோகூட இல்லை. சொந்தக்காரர் எல்லாரும் மெழுகுதிரி, பூசை, ஒருசந்தி நோன்பு என்று அடக்கமாக நேர, இசபெல் மட்டும், "மாதாவே, பிள்ளை தப்பினால் இவர் எங்கட வீட்டிலயிருந்து லூர்துக்குச் சைக்கிளில வருவார்" என்று நேர்ந்துவிட்டாள். இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளை தப்பிவிட்டது. ஹவுன்ஸ்லோ வீட்டிலிருந்து பிரான்சின் தென்கோடியில் இருக்கும் லூர்து மாதா கோயில் ஆயிரத்து நூறு கிலோமீற்றர்.

செபமாலைமுத்து ஹீத்ரோவில் விமானங்களுக்குப் பெட்டி ஏற்றுகிறவர். இருபத்திரண்டு வருடமாக, காலை ஷிப்டில், விமானத்தின் வயிற்றுக்குள் முழங்காலில் நின்று பெட்டி அடுக்குகிறார். சனங்களின் விடுமுறையெல்லாம் அவருடைய தோளில் ஏறித்தான் போகும். அவர் எங்கும் போனதில்லை. வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றுவதற்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசிப்பார். வேலைக்குச் சைக்கிளில் போய்வந்ததுதான் அவர் செய்த குற்றம். அதைப் பார்த்துத்தான் இசபெலுக்கு அந்த யோசனை வந்திருக்கவேண்டும்.

இரண்டு வருடம் கடத்திப் பார்த்தார். பிள்ளைக்கோ நெஞ்சு பலவீனம், மாதத்துக்கு ஒருதரம் சளி. பிள்ளை இருமினால் இசபெல் பிள்ளையைப் பார்ப்பதில்லை, இவரைத்தான் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே, போன கோடையில் புறப்பட்டார்.

கோயிலில் பாட்டுப் பாடும் றூபன் என்ற பெடியன் தன் கிரவல் பைக்கைக் கொடுத்தான். மொத்தமான ரயர், வளைந்த பிடி, கல்லுப் பாதையில் ஓடுவதற்கென்றே செய்தது. லொறி ஓடும் ரோட்டில் போகக்கூடாது என்று இசபெல் கட்டளை போட்டிருந்தபடியால், ஆற்றங்கரையும் வயல்வழியும் திராட்சைத் தோட்டமுமாகப் பார்த்து, முழுப் பாதையையும் போனில் ஏற்றித் தந்தான். இடையில் கிடந்த கடலைக் கப்பலில் கடப்பது நேர்த்தியில் சேருமா என்று இசபெலுக்கு ஒரு சந்தேகம். கடலில் சைக்கிள் ஓட்டச் சொல்லி மாதாவும் கேட்கமாட்டா என்று சுவாமியார் தீர்த்துவைத்தார்.

பிரான்ஸ் அழகான நாடு என்கிறார்கள். இருக்கலாம். செபமாலைமுத்து கண்டது முன் ரயரையும் அதன் முன்னால் கிடந்த கல்லையும்தான். லுவார் ஆற்றங்கரையில் மூன்று நாள் வெள்ளைச் சரளைப் பாதை. கைக்குள் புகுந்த நடுக்கம் சாப்பிடும்போதும் நிற்கவில்லை. எதிரே வருகிற வெள்ளைக்கார ஓய்வூதியக்காரர் சிரித்த முகத்தோடு "போன்ஜூர்" சொல்லிக்கொண்டு போனார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இவருக்கு எரிச்சலாக வந்தது. ஆசைப்பட்டு இந்தப் பாட்டைப் படுகிற சனமும் உலகத்தில் இருக்கிறது.

பதின்மூன்றாம் நாள் அது நடந்தது. ஆற்றை விட்டுப் பாதை மேலே திரும்பியது. இரண்டு பக்கமும் திராட்சை, நடுவே காய்ந்த கல்லுப் பாதை, உச்சியில் ஒரு கோயில் கோபுரம். மத்தியான வெயில். பின் ரயர் வழுக்கி, காலை ஊன்ற முடியாமல் பக்கவாட்டில் விழுந்தார். அடி பெரிதில்லை. ஆனால் எழும்ப மனம் வரவில்லை. திராட்சை வரிசையின் தலைப்பில் நின்ற ரோசாச் செடிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்துவிட்டார்.

தோட்டத்துக் கிழவி ஒருத்தி வெள்ளை வான் வண்டியில் வந்தாள். இவரைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள். பாசை தெரியாததால் மறுக்க முடியவில்லை என்று பிறகு எத்தனையோ தரம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். வேண்டாமென்று கை காட்டப் பாசை எதற்கு? ஏறினார். ஏறியதுமே நித்திரையாகிப் போனார். உச்சியில், கோயில் வாசலில், கிழவி தோளில் தட்டி எழுப்பினாள்.

போனைப் பார்த்தார். வானில் வந்தது ஏழு கிலோமீற்றர். அடுத்த நாள் காலை சைக்கிளைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இறங்கித் திரும்ப ஏறியிருக்கலாம். ஏறவில்லை. லூர்தில் மெழுகுதிரி கொளுத்தும்போது மாதாவின் பாதத்தைப் பார்த்தாரே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் இசபெல் ஊரைக் கூட்டியிருந்தாள். பூசை முடிந்து சுவாமியார் பெயர் சொல்லி எழுப்ப, சனம் கைதட்டியது. "ஒரு அடி குறையாமல் ஓடினவர்" என்று இசபெல் ஹவுன்ஸ்லோவிலிருந்து நகரத்தின் மறுகோடியில் இருக்கும் செவன் கிங்ஸ் வரைக்கும் போன் போட்டுச் சொன்னாள். செபமாலைமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்வந்தார். முந்தியெல்லாம் தோள்தான் களைத்தது. இப்போது வேறெதுவோ.

கார்த்திகையில் பேத்தியை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். நெஞ்சில் கிருமி. பிள்ளையின் முகத்தில் ஒட்சிசன் மாஸ்க், பக்கத்தில் ஜெனோஜா. வெளியே நடைவழியில் பிளாஸ்டிக் கதிரையில் இவர்கள் இரண்டு பேரும். இசபெல் செபமாலை உருட்டிக்கொண்டே மாதாவோடு வாதாடினாள்.

"நாங்கள் சொன்னதைச் செய்தனாங்கள். ஒரு அடி குறையாமல் செய்தனாங்கள். நீங்களும் செய்யவேணும், தாயே."

ஒருதரம் கேட்டார். இரண்டாம் தரம் கேட்டார். மூன்றாம் தரம் அவரால் முடியவில்லை.

"ஏழு குறையுது, இசபெல்."

"என்ன ஏழு?"

"ஏழு கிலோமீற்றர். வானில ஏறிட்டன்."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதமும் பிள்ளை இருமிய ஒவ்வொரு இருமலும் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டு திரிந்த மனுசன், துப்புரவு செய்கிற பெண் பார்த்துக்கொண்டு நிற்க, விம்மி விம்மி அழுதார். இசபெல் திட்டவில்லை. கையில் இருந்த மணியை முடித்தாள். அடுத்த மணிக்குப் போகவில்லை.

"ஏத்தமோ, இறக்கமோ?"

"ஏத்தம்."

செபமாலையை மடியில் வைத்தாள். பிறகு, மடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் நடந்து வாறன் எண்டுதான் முதல் நேந்தனான். வாயில வந்திட்டுது. பிறகு இந்த முழங்காலை நினைச்சுப் பயந்து, 'இல்லை, தாயே, இவர் சைக்கிளில வருவார்' எண்டு மாத்திப்போட்டன். உங்களில பிழை இல்லை." மூக்கைத் துடைத்தாள். "அந்த ஏழையும் நான் நடக்கிறன்."

"உம்மால ஏலாது, இசபெல்."

"ஏலாது எண்டு எனக்குத் தெரியும்."

பிள்ளை ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தது. மருந்து வேலை செய்தது என்றார் டொக்டர். இசபெல் நடப்பதற்கென்று ஒரு சோடி மொத்தமான சப்பாத்து வாங்கினாள்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை, விமானத்தில் போய், பஸ் பிடித்து, அந்த மலையடியில் இரண்டு பேரும் இறங்கினார்கள். ரோசாச் செடியில் அப்போதுதான் துளிர். அந்த இடத்திலிருந்து இசபெல் தொடங்கினாள். இவர் கை கொடுக்கப் போனார்.

"பிடிக்காதேங்கோ. பிறகு இதுவும் செல்லாமல் போயிடும்."

இருபது அடிக்கு ஒருதரம் நின்றாள். நின்ற இடமெல்லாம் வாயில் வந்ததைச் சொல்லி இவரைத் திட்டினாள்: விழுவதற்கு வேறு மலை கிடைக்கவில்லையா, கொஞ்சம் சமதரையில் விழுந்திருக்கக்கூடாதா. இரண்டு கிலோமீற்றர் தாண்டியபோது திட்டுவதற்கும் மூச்சு இல்லை. பாதையோரக் கல்லில் இருந்துவிட்டாள். முழங்கால் வீங்கியிருந்தது.

அப்போது அந்த வெள்ளை வான் வந்தது. கிழவி இவரை அடையாளம் கண்டு ஏதோ சொல்லிச் சிரித்து, இறங்கிக் கதவைத் திறந்தாள்.

இசபெல் வானைப் பார்த்தாள். உள்ளே நிழல், சாய்ந்திருக்க ஒரு இருக்கை. வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வை செபமாலைமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். ஏறட்டும் என்றுகூட நினைத்தார்.

"உங்களை எங்க இறக்கினவ?"

"மேல, கோயிலடியில."

இசபெல் தோளில் கிடந்த பெரிய பையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"இதை ஏத்துங்கோ. நேந்தது நான்தானே, சாமான் இல்லையே."

செபமாலைமுத்து பையை வாங்கி, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அது சரியாமல் ஒரு மூலையில் வைத்துவிட்டு, கிழவிக்கு உச்சிக் கோபுரத்தைக் காட்டிக் கும்பிட்டுக் கதவைத் தானே சாத்தினார். இந்த முறை கை காட்ட அவருக்குப் பாசை தேவைப்படவில்லை.

திரும்பிப் பார்த்தபோது இசபெல் எழும்பி நடக்கத் தொடங்கியிருந்தாள். இன்னும் ஐந்து கிலோமீற்றர் இருந்தது.