இருபதாம் தேதி ஒப்பாரி

சலம்சியோனுக்கு ஒப்பாரிதான் பிழைப்பு. கலிலேயாவில் எவ்வளவு ஏழை செத்தாலும் இரண்டு குழலும் ஒரு ஒப்பாரிக்காரியும் வேண்டும். அந்த ஊரில் அந்த ஒருத்தி இவள்தான். முன்பின் தெரியாத பிணத்துக்கும் உருகி உருகி அழுவாள்.

யூதர்களின் தம்மூஸ் மாதம் இருபதாம் தேதி மட்டும் அழமாட்டாள். எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் பலிபீடத்துக்கு விறகு கொண்டுபோக ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு நாள் உண்டு. இருபது, தாவீதின் குலத்துக்கு. அன்று அந்த வீட்டாருக்குப் பண்டிகை; அழக்கூடாது. ஆலயம் சாம்பலாகி வருஷங்கள் ஆகியும், செத்துப்போன புருஷன் வழியில் வந்த அந்த நாளை இவளால் விட முடியவில்லை. மகன் யோவேசருக்கு வெள்ளை அங்கி உடுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு ரொட்டியும் தேனும் தின்பார்கள். வீண் வீம்பு, வேறென்ன!

தங்களை மீட்கும் அரசரான மேசியா தாவீதின் வம்சத்தில்தான் பிறப்பார் என்று ஊரே காத்திருந்தது. அது நாட்டை ஆண்ட ரோமருக்கும் தெரிந்துபோயிற்று. அந்த வம்சத்து ஆண்களைத் தேடி வீரர்கள் ஊர் ஊராக வந்தார்கள். பிடிபட்டவன் எவனும் வீடு திரும்பவில்லை.

அந்த வருஷம் இருபதாம் தேதி காலையில் பக்கத்து வீட்டுத் திர்சாள் கதவைத் தட்டினாள்.

"அக்கா, குயவர் வீட்டுக் கிழவர் போயிட்டாரு. வா."

"தொண்டை கட்டியிருக்குடி."

"போன வருஷமும் இதே நாள் தொண்டை. அதுக்கு முந்தி காய்ச்சல். உன் தொண்டைக்குத் தேதியெல்லாம் தெரியுமோ?" சிரித்த திர்சாள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "நான் கேட்டா பரவால்ல. அங்க ரெண்டு சிப்பாய் நிக்கிறான். நம்ம பாஷை தெரிஞ்ச ஒருத்தனும் கூட இருக்கான். அவன் கேட்டா?"

சலம்சியோன் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்படியே கிளம்பிவிட்டாள். அந்தப் பதற்றத்தில் மகனிடம் ஒரு வார்த்தை சொல்ல மறந்தாள்.

பயத்தில் அவள் குரல் தெருவையே உலுக்கியது. பாடை அவள் வீட்டைத் தாண்டும்போது கதவு திறந்தது. இன்று அழாத அம்மா அழுகிறாளே, என்ன ஆயிற்றோ என்று யோவேசர் வெள்ளை அங்கியோடு ஓடி வந்தான்.

வீரர்களோடு வந்த, பாஷை தெரிந்தவன் நின்றான். "ஊரே சாவுக்குப் போவுது. உனக்கு மட்டும் என்னடா மாப்பிள்ளைக் கோலம்?"

சலம்சியோன் பாய்ந்து மகனின் அங்கியைக் கழுத்திலிருந்து மார்புவரை கிழித்தாள். தலையில் மண்ணை வாரிப் போட்டாள். "கிழவர் செத்துக் கெடக்காரு, இப்பதான் குளிச்சு உடுத்துறியா? அழுடா!" என்று கன்னத்தில் அறைந்தாள்.

வீரர்கள் சிரித்தார்கள். பாடை நகர்ந்தது.

"அம்மா, இன்னிக்கு அழக்கூடாதே," என்றான் யோவேசர், உதடு அசையாமல்.

"அழு சாமி."

அழுதான்.

அடுத்த வருஷத்திலிருந்து இருபதாம் தேதியும் கூப்பிட்ட சாவுக்குப் போனாள்; வீட்டில் பண்டிகை நின்றுபோயிற்று. பெற்றவர் செத்த துக்கத்தில் கிழித்த துணியை யூதர்கள் திரும்பத் தைப்பதில்லை. அந்த வெள்ளை அங்கியையும் சலம்சியோன் தைக்கவில்லை.