ஒரே பெட்ரூம்... அதுவும் முருகனுக்கு!

போன கிழமை நமுனுகுலையிலிருந்து என் நாத்தனார் எங்கள் புது வீட்டைப் பார்க்க வந்திருந்தாள். பதுளை டவுனுக்குச் சற்று வெளியே, நேற்றுவரை புல்லுக்காடாகக் கிடந்த இடத்தில் இன்று கட்டிடத்துக்கு மேல் கட்டிடமாக முளைக்கிறதே... அங்கேதான், மூன்றாம் மாடியில், ஒரு பெட்ரூம் வீடு வாங்கியிருக்கிறோம்.

நாத்தனார் ஆசையாகப் பெட்ரூம் கதவைத் திறந்தாள். உள்ளே கட்டிலைக் காணோம். குத்துவிளக்கு எரிகிறது. வள்ளி தெய்வானையோடு முருகன் ஜம்மென்று வீற்றிருக்கிறார்.

"அண்ணே... அப்ப நீங்க எங்க படுக்கிறீங்க?"

என் வீட்டுக்காரர் ஹால் மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயைக் காட்டினார்.

"அட கடவுளே! லயத்திலயும் பாயி, மூணாம் மாடியிலயும் பாயா? இதுக்கா அண்ணே இம்புட்டுப் படி ஏற வச்சே?"

அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. ஏன் தெரியுமா?

தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர் அவர். ஒரே அறை. அடுப்பு, விறகு, பிள்ளைகள், விருந்தாளி எல்லாம் அதற்குள்தான். டவுனில் கடை வேலைக்கு வந்த பிறகும் ஒற்றை வாடகை அறைதான். "சாகிறதுக்குள்ள ஒரு நாளாவது கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கணும் புள்ள." கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டுத்தான். மகள் கைகொடுத்து இந்த வீடு அமைந்தபோது, பெட்ரூம் கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். சின்னப்பிள்ளை தோற்றது!

அப்புறம் எப்படி முருகன் உள்ளே போனார்? நான்தான் வைத்தேன். குடிபோன அன்று ஹால் சுவரில் பெயின்ட் காயவில்லை. வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது சாமிதானே? கிழக்குப் பார்த்த ஜன்னல் பெட்ரூமில்தான் இருந்தது. அங்கேயே படத்தை வைத்து, விளக்கேற்றி, பால் காய்ச்சினேன். பாலும் கிழக்குப் பக்கமாகவே பொங்கி வழிந்தது.

பால் பொங்கிய இடத்தில் குடியேறிய சாமியை உத்தரவு கேட்காமல் அசைக்கலாமா? எங்கள் ஆட்கள் அசைக்க மாட்டோம். அந்தப் பயம் அவருக்கும் உண்டு. அதனால்தான் ஹாலில் பாயை விரித்தார்.

நாத்தனாரை பஸ் ஏற்றிவிட்டு வந்தவர், கையோடு பூவும் கொண்டுவந்தார்.

"பூக் கட்டிப் பாப்போம் புள்ள. முருகனே சொல்லட்டும்."

நியாயமான பேச்சுத்தானே? சிவப்பு வந்தால் சாமி ஹாலுக்கு வரச் சம்மதம். வெள்ளை வந்தால் பெட்ரூம் சாமிக்கே. பேப்பரில் மடித்து இரண்டு பொட்டலமும் அவரே கட்டினார்.

"நீயே எடு. அப்பதான் ஒனக்குத் திருப்தி."

கண்ணை மூடி, கதிர்காமத்தானை நினைத்து எடுத்தேன். பிரித்தால்... சிவப்பு!

"அரோகரா!" அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவே திறந்துகொண்டது. முருகன் ஹாலுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார். அப்படி ஒரு குறட்டையை என் ஆயுளில் கேட்டதில்லை.

மிச்சம் இன்னொரு பொட்டலம். தோட்டத்தில் என்றால் பிரிக்காமலே ஓடையில் விட்டுவிடுவோம். மூன்றாம் மாடியில் ஓடைக்கு எங்கே போவது? இந்த வீடுகளில் குப்பைக்குச் சட்டம் வேறு இருக்கிறது. பேப்பர் தனி வாளி, காய்த்தோல் மாதிரி உக்கிப்போகிறது தனி வாளி. சாமிப் பூவைக் குப்பையில் போட மனம் வருமா? பூவைத் துளசிச் சாடியில் போடலாம், பேப்பரை வாளியில் போடலாம் என்று பிரித்தேன்.

உள்ளே... அதுவும் சிவப்பு!

"ஏங்க, மத்தப் பொட்டலத்தில என்ன பூ வச்சீங்க?"

"வெள்ளைதான்... வேறென்ன?" நியூஸ் பேப்பருக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்.

சாமி காரியத்தில் விளையாட்டா? அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று முருகன் முன்னால் போய் நின்றேன். அவரோ சிரித்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் வள்ளியை வைத்துக்கொண்டு! அந்த வள்ளியை அவர் எப்படிக் கட்டினார் என்று ஞாபகம் வந்தது. வந்த வழியே திரும்பிப் போய், பொட்டலப் பேப்பரை வாளியில் போட்டு மூடினேன்.

கிழவன் வேஷம் போட்டு, அண்ணனை யானையாக வரவழைத்துக் கல்யாணம் முடித்தவர்... ஒரு சிவப்புப் பூவுக்கா கோபித்துக்கொள்ளப் போகிறார்?