ஆணியில் இரண்டு கோட்டுகள்

மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் அவருடைய மழைக் கோட்டுக்குத் தண்ணீர் இறங்காமல் இருக்க மெழுகு பூசினோம். அடுப்பில் வெந்நீர்ச் சட்டி, அதற்குள் மெழுகு டப்பா. அப்பா பழைய பனியன் துணியில் மெழுகைத் தொட்டுத் தேய்த்தார். நான் அம்மாவின் முடி உலர்த்தும் மெஷினைப் பிடித்து அதை உருக்கித் துணிக்குள் இறக்கினேன். சமையலறை முழுக்க ஆட்டுக்கொட்டகையும் மெழுகுவத்தியும் கலந்த நாற்றம்.

"இது செப்டம்பர் வேலையாச்சே. இப்ப என்ன அவசரம்?" என்றேன்.

"அழுக்கா குடுக்கக் கூடாது புள்ள."

"யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"வாயால வேல செய்யாத. அந்தத் தையல்ல காட்டு."

தையலில் காட்டினேன். நான் பாலங்களைச் சோதிக்கும் எஞ்சினியர். எதிலும் இணைப்பில்தான் முதலில் தண்ணீர் இறங்கும் என்பதை அவரிடமிருந்து நான் கற்றதாக அவர் ஊரெல்லாம் சொல்லிவந்தார். பொய். கல்லூரியில் கற்றேன்.

காலரை மட்டும் என்னிடம் தரவில்லை. அதை மடித்துப் பிடித்து அவரே பூசினார்.

"செவ்வாக்கிழமை கடைக்குப் போகணும். புதினா மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கணும்" என்றார்.

"பல்லே கெடையாது. மிட்டாய் எதுக்கு?"

"பல்லு இருக்கிறவன் கடிச்சு வீணாக்குவான். மிட்டாய் எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல. பேசாம காட்டு."

திங்கட்கிழமை காலை ஷூ போட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு காலில் பழுப்பு ஷூ, மறு காலில் கம்பளிக் காலுறை. மாரடைப்பு. எண்பத்தொரு வயது. நாடா முடிச்சு மட்டும் ஒழுங்காகப் போட்டிருந்தார்.

பெயர் எட்வின் டாலன்டயர். ஹேவர்டேல் பள்ளத்தாக்கில் நாற்பத்து நான்கு வருடம் ஆட்டு லாரி ஓட்டினார். சந்தைக்குப் போகும் ஆடும், வரும் ஆடும், போக மறுக்கும் ஆடும் அவருக்கு ஒன்றுதான். மனிதர்களைத்தான் தரம் பிரிப்பார், அதுவும் உடுப்பை வைத்து. புதுசு போட்டவன் நம்பத்தகாதவன். கறுப்பு ஷூ போட்டவன் போலீஸ், வக்கீல் அல்லது பிணம். மழையில் குடை பிடிப்பவனுக்கு அவரிடம் பெயரே கிடையாது.

கல்யாணத்துக்காக ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் ஒரு ட்வீட் கோட்டு தைத்தார். புதுசு என்று தெரிந்தால் மானம் போய்விடும். அதனால் ஒரு குளிர்காலம் முழுக்க வேலியில் தொங்கவிட்டு, பைகளில் கருங்கல் போட்டுத் தொய்யவைத்தார். பக்கத்து வீட்டு ஆடு கோட்டின் இடது கையைக் கொஞ்சம் தின்றது. அதுவும் நல்லதுக்குத்தான் என்றார். கல்யாணப் படத்தில் அம்மா வெள்ளையில் பளிச்சென்று நிற்கிறாள். பக்கத்தில் வேலியிலிருந்து பிடுங்கிவந்த மாதிரி இவர்.

"வேலியில காய்ஞ்சதத்தான் கட்டிக்கிட்டேன்" என்று அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

காட்டுக்கோழி சுட வருகிறவர்களுக்கு அப்பா கூலிக்குத் துணை போவதுண்டு. அப்படி லண்டனிலிருந்து வந்த ஒருவர், தொப்பியிலிருந்து காலுறை வரை ஒரே கட்டம்போட்ட துணியில் தைத்துப் போட்டிருந்தார். அப்பாவின் ஷூவில் உள்ள பொட்டுத் துளைகளைக் காட்டி, சதுப்பில் நடக்கும்போது தண்ணீர் வெளியேறத்தான் அவை வந்தன என்று விளக்கம் சொன்னார். அப்பா நேராகப் போய் ஓடையில் இரண்டு நிமிடம் நின்றார். திரும்பி வந்து ஷூவைக் கழற்றி, உள்ளே இருந்த தண்ணீரை லண்டன்காரருடைய புது ஷூமேல் கொட்டினார்.

"வெளிய வந்துருச்சுங்க ஐயா. நீங்க சொன்னது சரிதான்."

அன்று மாலை கூலி வழக்கத்தைவிட அதிகமாகக் கிடைத்ததாகச் சொல்வார். அதையும் நான் நம்பவில்லை.

வியாழக்கிழமை சவ அடக்கக் கடைக்காரர் ஃபோன் செய்தார். கறுப்பு ஷூ இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டார். பழுப்புதான் என்றேன். வழக்கம் இல்லையே என்றார். செத்தவருக்கும் வழக்கம் இல்லை என்றேன். பெட்டியின் மேல் பூவுக்குப் பதில் மெழுகுக் கோட்டைப் போடலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்.

கோட்டை எடுத்து உதறினேன். காலர் மடிப்புக்குள், அழியாத மையில், பெரிய எழுத்தில் ஒரு பெயர். லா. ரெய்ன்.

லான்ட்டி ரெய்ன் மேல்பண்ணைக்காரர். அப்பாவுடன் பள்ளிக்கூடம் போனவர். வாராவாரம் சந்தையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடிப்பவர். ஆறடி இரண்டு அங்குலம். அப்பா ஐந்தடி ஐந்து.

பல வருடங்களாக அப்பாவின் கோட்டுக் கை விரல் கணு வரை வருவதைப் பார்த்திருக்கிறேன். வயதானால் ஆள் சுருங்குவார் என்று நினைத்தேன். வருடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் என்று வைத்தாலும் கை நீண்டிருந்த ஒன்பது சென்டிமீட்டர் வராது. கணக்கு இடித்தது. விட்டுவிட்டேன். வேலையில் இப்படி விட்டால் பாலம் விழும்.

அடக்கத்துக்குப் பிறகு தேநீர் கொடுக்க 'கறுப்புக் கிடா' மதுக்கடையில் சொல்ல வேண்டியிருந்தது. கடைக்காரி பெரில் அத்தையிடம் கோட்டைக் காட்டினேன்.

"இப்பத்தான் பாத்தியா? பள்ளத்தாக்குல நாய்க்குக் கூடத் தெரியும்டி."

"எப்ப மாறுச்சு?"

"உங்கம்மாவ அடக்கம் பண்ணுன அன்னைக்கு. மழை. முப்பது பேரு வந்தாங்க, முப்பதும் ஒரே பச்சக் கோட்டு. இங்க முன்னறை ஆணியில மாட்டுனாங்க. உங்கப்பன் கண்ணு தெரியாம ஒண்ண எடுத்து மாட்டிக்கிட்டுப் போனான். மிச்சம் இருந்தத லான்ட்டி எடுத்தான்."

"மறுநாளே மாத்தியிருக்கலாமே?"

"பொண்டாட்டி செத்தவன்கிட்டப் போய், ஏன்டா என் கோட்டத் திருடுனேன்னு லான்ட்டி கேப்பானா? அவன் கேக்கலையேன்னு உங்கப்பன் கேக்கல. ஒரு வருசம் போச்சு. அப்புறம் கேட்டா, இத்தன நாள் வாயில என்ன வச்சிருந்தேன்னு ஆகுமில்ல? ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து, அவன் கோட்ட இவனும் இவன் கோட்ட அவனும் பாத்துக்கிட்டே, இருபத்தொரு வருசம் மழையப் பத்திப் பேசுனாங்க."

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. லாரிக் கதவில் மாட்டி அப்பாவின் கோட்டுப் பை கிழிந்தபோது, அம்மா சமையலறைத் திரைச்சீலையை வெட்டி உள்பையாகத் தைத்தாள். மஞ்சள் பூப்போட்டது. வெளியே தெரியாது. கையை விட்டால் தெரியும். அவள் அவருக்காகக் கடைசியாகத் தைத்தது அதுதான். அது லான்ட்டி மாமாவிடம் இருக்கிறது என்றேன்.

"அது தெரியுமே" என்றாள் பெரில். "லான்ட்டி அடுத்த வாரம் சனிக்கிழமை ஊர விட்டுப் போறான். பண்ணைய வித்துட்டு மோர்கேம்ப்ல மக வீட்டுக்கு. கோட்டோட. அதக் கேட்ட அன்னைக்குத்தான் உங்கப்பன் இங்க உக்காந்து, செவ்வாக்கிழமை கோட்டக் குடுக்கப் போறேன்னு சொன்னான். மூணு கிளாஸ் குடிச்சுட்டுத்தான் சொன்னான்."

"வேற என்ன சொன்னாரு?"

"லான்ட்டியோட பையில ஒரு பொட்டலம் புதினா மிட்டாய் இருந்துச்சாம். அன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போயி, தனியா உக்காந்து, அத்தனையும் தின்னுட்டானாம். கோட்டுகூடப் பரவால்ல பெரில், மிட்டாயத் தின்னதுதான் உறுத்துதுன்னான்."

நான் போய் லான்ட்டி மாமாவிடம் நேரடியாகக் கேட்கட்டுமா என்றேன். பெரில் அத்தை என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இருபத்தொரு வருசம் காப்பாத்துன மானத்த ரெண்டு நிமிசத்துல கெடுக்கணுமா?"

அதனால் பெட்டியின் மேல் கோட்டுப் போடவில்லை. அடுத்தவர் கோட்டைப் போட்டு அனுப்ப மனம் வரவில்லை.

அடக்கம் அடுத்த வெள்ளிக்கிழமை. மழை, வேறென்ன. எல்லோருக்கும் முன்னால் கறுப்புக் கிடாவுக்குப் போய், முன்னறையில் கடைசி ஆணியில் லான்ட்டி மாமாவின் கோட்டை மாட்டினேன். காலர் வெளியே தெரியும்படி. லான்ட்டி மாமா வந்தார். மணிக்கட்டு இரண்டும் நனைந்து சிவந்திருந்தன. கோட்டு இடுப்போடு நின்றது. கடைசி ஆணியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்பாவின் கோட்டைக் கழற்றி அதற்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்து முட்டை சாண்ட்விச் நான்கு தின்றார்.

"மழை விடாது போல" என்றார் என்னிடம்.

"விடாது மாமா."

"அவன் லாரிய எடுத்தாலே மழதான்."

நான் சுவரோரமாக நின்று முன்னறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் யாரோ அப்பாவைப் பற்றிச் சொன்னார்கள். ஓடைக் கதையை மூன்று பேர் சொன்னார்கள். மூவரும் நேரில் பார்த்ததாகச் சொன்னார்கள். ஒருவேளை உண்மையாக இருக்கலாம்.

ஐந்து மணிக்கு லான்ட்டி மாமா எழுந்தார். முன்னறைக்குப் போனார். அப்பாவின் கோட்டின் மேல் கை வைத்தார். நான் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தேன். பையில் கையை விட்டார். பழக்க தோஷமாக இருக்கலாம். கையை எடுத்துத் துணியை ஒருமுறை தட்டிவிட்டார், ஆட்டைத் தட்டுவதுபோல். பிறகு கடைசி ஆணியிலிருந்து தன் கோட்டை எடுத்துப் போட்டார். கை மணிக்கட்டில் சரியாக வந்து நின்றது. தோளை அசைத்துப் பார்த்தார். முகர்ந்தார்.

"உங்கப்பன் மெழுக அள்ளித்தான் பூசுவான்" என்றார் என் பக்கம் திரும்பாமல். "நாளைக்குப் பத்து மணி வண்டி. வரேன் புள்ள."

மழையில் நடந்து போனார்.

அப்பாவின் கோட்டை எடுத்துப் போட்டேன். நானும் அவர் உயரம்தான். கை சரியாக இருந்தது. பையில் கையை விட்டேன். திரைச்சீலை மெலிந்திருந்தது, கிழியவில்லை. விளிம்பு இரண்டு இடத்தில் விட்டுப்போய், மீன்தூண்டில் நரம்பால் தைக்கப்பட்டிருந்தது. கேவலமான தையல். வேலையில் என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் தாங்கும்.

அப்போதுதான் மிட்டாய் ஞாபகம் வந்தது. லான்ட்டி மாமாவின் கோட்டுப் பையில் ஒன்றும் இல்லை. நான்தான் வெறுமையாக மாட்டினேன்.

மூலைக்கடையை ஐந்தரைக்கு மூடுவார்கள். மணி ஐந்து பத்து. வந்தவர்களைப் பெரில் அத்தையிடம் விட்டுவிட்டு நான் கிளம்பினேன்.