முட்டு சரியாகும் முன்பே வந்த கலவை லாரி

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் வீடு கட்டும்போது நடந்தது இது. மாடித் தளத்துக்கான கான்கிரீட் கலவையை ராஜபாளையத்திலிருந்து லாரியில் வரவழைக்க ஏற்பாடு செய்திருந்தோம். முதல் நாள் மழையில், தளப் பலகையைத் தாங்கும் முட்டுகள் சில மண்ணில் இறங்கிவிட்டன. "நாளைக்கு வேண்டாம்க்கா, முட்டெல்லாம் சரிபண்ணிட்டுப் பொறவு போடலாம்" என்றார் கொத்தனார் மாரியப்பன். கலவைக்காரரிடம் அவர் சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். நான் சொல்லிவிடுவேன் என்று அவர் நினைத்தார்.

மறுநாள் காலை லாரி வந்து நின்றது. "செத்த நேரம் போனா இறுகிரும்மா. போடுதியளா, கீழ கொட்டிரவா?" என்றார் டிரைவர். மாரியப்பன் தயங்கினார். "அம்புட்டும் வீணாப் போயிருமே" என்று என் கணவர்தான் முட்டுகளுக்கு ஆப்பு அடிக்கத் தளத்துக்கு அடியில் போனார். மேலே கலவை விழத் தொடங்கியது.

திடீரென்று பலகை கிறீச்சிட்டது. மூலையில் ஒரு முட்டு சாய்வதைப் பார்த்தேன். "அண்ணே, வெளிய வாங்க" என்று மாரியப்பன் அலறியதும் கணவர் பாய்ந்து வந்தார். அவர் குனிந்திருந்த இடத்தில் பலகையும் கம்பியும் கலவையும் சரிந்து விழுந்தன. மேலே கலவையைப் பரப்பிக்கொண்டிருந்த ஆட்கள் மறுபக்கம் இருந்ததால் தப்பினார்கள்.

மீதிக் கலவையையும் காலி மனையில்தான் கொட்ட வேண்டியிருந்தது.

இப்போது எந்தப் பொருள் வருவதானாலும் கொத்தனாரையும் அனுப்புகிறவரையும் ஒரே போன் அழைப்பில் பேசவைக்கிறேன். "அனுப்புங்க" என்று கொத்தனார் சொல்வதை நானும் கேட்ட பிறகுதான் வண்டி அங்கிருந்து கிளம்புகிறது.

- செல்வி, ஸ்ரீவில்லிபுத்தூர்