அப்பாவின் பெரட்டும் ஒரு லத்தீன் சொல்லும்

இன்று மலேசியாவின் ஈப்போவில் டாக்டர், அப்பாவுக்கு டிமென்சியா, அதாவது மறதி நோய் என்றார்.

மருந்துக்குக் காத்திருந்தபோது போனில் தேடினேன். லத்தீன் சொல்லாம். ரோமானியர்களுக்கு அதன் பொருள் பைத்தியம்.

அம்மாவிடம் சொன்னேன். முறைத்தார்.

"யாருக்கு பைத்தியம்? விடியகாலையில பெரட்டுக்குன்னு வாசல்ல போயி நிக்கிறாரு. நான் பேரு கூப்பிடுறேன். 'இருக்கேன்'னு சொல்லிட்டு கோப்பி குடிக்க வந்துடுறாரு. அவ்ளோதான் லா."

அப்பா வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் காலையில் வேலைக்கு முன் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அங்கே ரப்பரை அழித்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு இருபது வருடமாகிறது.

"கூப்பிடாம விட்டா என்னம்மா?"

"இன்னிக்கு வேலை இல்லன்னுட்டாங்கன்னு நாள் பூரா மூஞ்ச தொங்கப் போட்டுக்குவாரு. நாளைக்கு நீ கூப்பிடு, எனக்கு கால் வலி."

அலாரம் வைத்துவிட்டேன்.

எங்கள் மூவரில் அந்த லத்தீன் சொல் யாருக்குப் பொருந்தும்? நீங்களே சொல்லுங்கள்.