மூன்று பேர் உட்காரும் பெஞ்சு

"நீங்க பேசாதீங்க சார். உங்க வேலை என்னன்னு அவங்க சொல்லட்டும்" என்று வேதியியல் பேராசிரியரைக் கையமர்த்திவிட்டு, பக்கத்தில் இருந்த சமூகவியல் பேராசிரியை பக்கம் திரும்பிக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார் அக்கா. அந்த அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, மாணவர் விடுதியின் கழிவுநீரை வடிகட்டிப் பக்கத்து வயல்களுக்குக் கொடுப்பது எப்படி என்று தட்டுத் தடுமாறி ஆரம்பித்தார். வேதியியல்காரர் நெளிந்தார். தன் பிள்ளையை அடுத்தவர் குளிப்பாட்டுவதைப் பார்த்து நிற்பவர் மாதிரி இருந்தது அவர் பாடு.

பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவிப் பிரிவுக்கு அக்காதான் கண்காணிப்பாளர், அக்காதான் எழுத்தர். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு மேசை, ஓர் இரும்பு அலமாரி, சரியாக மூன்று பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு பெஞ்சு. மண்ணையும் நீரையும் காற்றையும் காப்பாற்றும் ஆய்வுகளுக்குப் பல துறையினர் சேர்ந்து விண்ணப்பித்தால் பல்கலைக்கழகம் நிதி தரும். அந்த விண்ணப்பம் அக்காவின் மேசையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். ஒருவர் செய்யப்போவதை இன்னொருவர் சொல்ல வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். விதிப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. வளாகம் முழுக்க அவருக்கு 'மாத்திச் சொல்லு அக்கா' என்றே பெயர்.

எதிர் அறையில் பல்கலைக்கழகச் செய்தி மடல் தயாரிக்கும் எனக்கு இதைவிடப் பெரிய பொழுதுபோக்கு கிடையாது. எப்பேர்ப்பட்ட மேதைகளும் அந்த பெஞ்சில் திருதிருவென்று விழிப்பதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். அக்கா படித்தது வணிகவியல். அதில் அவருக்குக் கூச்சமே இல்லை. "எனக்குப் புரிஞ்சா நிதி கொடுக்கிற குழுவுக்கும் புரியும். எனக்குப் புரியலைன்னா தப்பு என் மேல இல்ல" என்பார். ஸ்டேப்ளர் தொட மாட்டார். வீட்டுக்காரர் தையல்காரர். அவர் கொடுத்தனுப்பும் மிச்ச நூலில் துறைக்கு ஒரு நிறமாக எடுத்து முறுக்கித்தான் கோப்பைக் கட்டுவார். சிரிப்புக்கதை சொல்ல ஆரம்பித்தால் கதைக்கு முன்னால் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். பாதிக் கதைகள் இன்னும் எனக்கு முடிவு தெரியாமல் கிடக்கின்றன.

ஆனால் மூன்று வருஷமாக ஒரு கூட்டு விண்ணப்பம்கூடத் தேறவில்லை. ஒவ்வொரு துறைக்கும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இந்த வருஷமும் இல்லையென்றால் பிரிவை மூடிவிட்டு அக்காவைத் தேர்வுப் பிரிவுக்கு அனுப்பிவிடுவதாகப் பதிவாளர் சொல்லிவிட்டார். அங்கே ஏற்கெனவே பதினொரு வருஷம் விடைத்தாள் அடுக்கியவர் அவர். தன் முத்திரை, குவளை, நூல்கண்டுகள் எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். வேண்டும்போது அதிலிருந்து எடுப்பார், வேலை முடிந்ததும் அதிலேயே போடுவார். அதற்குள் மூட்டை கட்டியாச்சா என்று நான் கிண்டல் செய்தேன். "அங்க யாரும் யாரோடயும் பேச மாட்டாங்கப்பா" என்றார். அவர் சிரிக்கவில்லை. என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இந்தக் கழிவுநீர்க் கூட்டணிதான் கடைசி நம்பிக்கை. மூன்றாவது ஆள் குழாய் போடும் பொறியாளர். மாற்றிச் சொல்லும் முறை வேதியியல்காரருக்கு வந்தபோது, விவசாயிகள் அந்தத் தண்ணீரை ஏன் வாங்க மாட்டார்கள் என்ற சமூகவியல் பகுதியை அவர் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. "தண்ணி சுத்தம்னு நான் அறிக்கை கொடுப்பேன். அவங்க, இதுல நீ மூஞ்சி கழுவுவியான்னு கேப்பாங்க" என்றார். பிறகு, "நான் கழுவினதில்ல" என்றார். பொறியாளர் உடனே பென்சிலை எடுத்து வரைபடத்தில் வயல் ஓரமாக ஒரு குழாயும் தொட்டியும் சேர்த்தார். முதல் நாள் முதல் ஆளாக அதில் முகம் கழுவுவது வேதியியல்காரர் என்று முடிவாயிற்று. பெஞ்சே குலுங்கச் சிரித்தார்கள். மூன்று வருஷத்தில் அந்த பெஞ்சு அப்படிக் குலுங்கி நான் பார்த்ததில்லை.

கடைசி நாள், மாலை நான்கு மணி. ஐந்துக்குள் பதிவாளரிடம் சேர வேண்டும். மூவரும் கையெழுத்துப் பக்கத்தோடு வந்தார்கள். வந்தது ஒரு பக்கம் அல்ல, மூன்று. ஒவ்வொன்றிலும் கொண்டுவந்தவர் பெயரே முதலில். மற்ற இருவர் கீழே. கலந்து பேசாமலே மூன்று பேரும் ஒரே காரியத்தைச் செய்திருந்தார்கள். யார் கீழே இறங்குவது என்று பேச்சு ஆரம்பித்து, முகங்கள் சிவந்து, பொறியாளர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

அக்கா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எல்லோரும் ஒரே பக்கத்தில் கையெழுத்திட வேண்டும் என்றுதான் இருந்தது. வரிசையாக என்று இல்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடியை எடுத்துத் துடைத்து, வெள்ளைத்தாளில் கவிழ்த்து, பென்சிலால் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"இதைச் சுத்திப் போடுங்க. மேலயும் கிடையாது, கீழயும் கிடையாது."

போட்டார்கள். பொறியாளர் பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் போட்டார். பதிவாளர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இதில் முதல் ஆள் யார் என்று கேட்டாராம். தாளைத் திருப்பத் திருப்ப மாறும் சார், எந்த விதிக்கு விரோதம் என்று காட்டுங்கள் என்று அக்கா புத்தகத்தை நீட்டினாராம். ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முத்திரை விழுந்தது.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நிதி உண்டு, பிரிவும் தொடரும். எனக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. செய்தி மடலின் முதல் பக்கத்தையே மாற்றினேன். அக்கா கடிதத்தை இரண்டு தடவை படித்தார், மடித்து வைத்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அதற்குள் வாசலில் அடுத்த கூட்டம் வந்து நின்றது. தாவரவியல், கட்டடக்கலை, பொருளாதாரம், மருத்துவம். மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். மருத்துவர் மட்டும் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தார். மரப்பெட்டியைத் தூக்கி, முத்திரை, குவளை, நூல்கண்டு எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டினார். காலிப் பெட்டியை பெஞ்சுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டு, முந்தானையால் தூசி தட்டினார்.

"உக்காருங்க டாக்டர்."